அக்செலின் முக்காலி

“நகரவே முடியாத கிருமி நகருதுன்னா, தட்டுல வேற எதோ கலந்துடுச்சுன்னு அர்த்தம். எரிச்சிடலாம், தோவே” என்றாள் உடன் வேலை செய்யும் சோல்வை.

“எதுவும் கலக்கலடீ, நான் எண்ணிப்—”

“என்னத்த எண்ணின?”

“நூறு கிருமி எண்ணினேன். ஒண்ணுலகூட இழை இல்ல.”

பன்றிகளுக்கு ரத்தக்கழிச்சல் கொடுக்கும் அந்தத் திருகுக் கிருமி, உள்ளிருக்கும் இழைகளைச் சுழற்றித்தான் ஊர்ந்து போகும். தோவேயின் கணவர் அக்செல், அந்த இழைகளே இல்லாத வகையை உருவாக்கிவிட்டு மார்ச் மாதம் இறந்துபோனார். யூட்லாந்து ஆய்வகத்தில் அவர் உட்காரும் முக்காலி, கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டிக்கு இடப்பக்கம் அப்படியே கிடந்தது. வளர்த்த ஒவ்வொரு தட்டிலும் கிருமிப்புள்ளி, நடுவிலிருந்து இடப்பக்கமாக ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது.

“திங்கட்கிழமை முக்காலியை வலப்பக்கம் மாத்திப் போட்டேன்” என்றாள் தோவே.

“உனக்குப் பைத்தியம்தான்” என்றபடி சோல்வை பெட்டியைத் திறந்து, இந்த வாரத்துத் தட்டை எடுத்தாள். புள்ளி வலப்பக்கம் நகர்ந்திருந்தது.

சோல்வை அதை இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எல்லாருக்கும் கேக் வந்திருக்கும். எரிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தோவே காலி முக்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அக்செல், நீ எங்க இருக்கேன்னு இந்தக் கிருமிக்குத் தெரியுது. எனக்கு ஏன் தெரியல?”