ஜெயவேலைக் குடுத்துப் பழனியை வாங்கினோம்

ஜெயவேலைக் குடுத்துட்டு அதுக்குப் பதிலா பழனியை வாங்கிகினு வந்தாரு எங்க செக்ரட்டரி சுப்பராயலு. ஆரணியே கைகொட்டிச் சிரிச்சுது.

எழுபத்தெட்டாம் வருஷம். ஜெயவேல்னா எங்க புட்பால் டீமுக்கு உசுரு. முந்தின வருஷம் நாங்க போட்ட இருபத்தோரு கோல்ல பதினாலு அவன் போட்டது. சேத்துப்பட்டு ரைஸ்மில்லுல வேலை கிடைச்சதும், அந்த ஊரு டீமுக்கே ஆடப் போறேன்னான். போவட்டும். ஆனா நாங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாதான் அவன் அங்க ஆட முடியும். அதுக்குப் பதிலா அவங்க ஆளுங்கள்ல யாரை வேணும்னாலும் கேக்கலாம்.

நல்லா ஓடுற வாலிபப் பசங்க ரெண்டு பேரைத் தரேன்னாங்களாம். எங்காளு, "அதெல்லாம் வேணாம், பழனி ஒருத்தன் போதும்"னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாரு.

பழனிக்கு வயசு முப்பத்தெட்டு. தொப்பை வேற. ஓடச் சொன்னா மூச்சு வாங்கும். ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி வருவாரு. தடுத்து ஆடுற பேக் நான்னு கோல் பக்கத்துலயே நின்னுகினு வாய் ஓயாம பேசுவாரு. நான்தான் கோல்கீப்பர்.

"மாணிக்கம், தோ வர்றான்பா. ரெண்டு பேரு. ஒசரமா அடிக்கப் போறான், பாத்துக்கோ."

"கொஞ்சம் சும்மா இருண்ணா, பேஜாரா இருக்குது."

சிரிப்பாரு. மறுபடி பேசுவாரு.

அந்த வருஷம் ஆடினதுல பாதி டிரா. கோல் போட ஆளில்லை. கடைசியில சேத்துப்பட்டுகிட்டயே ஒண்ணுக்கு சைபர்னு தோத்தோம். கோல் போட்டது யாரு? ஜெயவேல்தான். ஷீல்டு அவங்களுக்குப் போச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழமை சாயந்திரம் மைதானத்துலயே கூட்டம் போட்டோம். செக்ரட்டரியை மாத்தணும்னு முதல்ல கிளப்பினவன் நான். ஏன்னு உங்ககிட்ட மறைக்காம சொல்லிடறேன்.

எனக்கு இடது கண்ணு தெரியாது. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி தறியில குறுக்க ஓடுற நாடாக்கட்டை தெறிச்சு வந்து கண்ணுல பட்டுது. வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது, பார்வை மட்டும் சுத்தமா போயிடுச்சு. என் சம்சாரம் தேவகிக்கு மட்டும்தான் தெரியும். வேற நிறத்துல கரை சேத்து நெய்யிற உசந்த புடவைதான் எனக்குச் சோறு போடுது. கரை சேர்ற எடத்துல ஒரு இழை பிசகக் கூடாது. ஒத்தைக் கண்ணன்னு தெரிஞ்சா எந்த முதலாளி அந்தப் பட்டு நூலை நெய்யக் குடுப்பான்? ஆட்டத்தை நிறுத்தினா ஏன்னு கேள்வி வரும். அதனால கோல்ல நின்னுகினு இருந்தேன். இப்ப தோத்தாச்சு. எவன் கண்ணும் கோல்கீப்பர் பக்கம் திரும்பக் கூடாதுன்னா, வேற யார் தலையிலயாவது பழியைப் போடணும் இல்ல?

இதுல இன்னொண்ணு. எனக்குப் பட்டு குடுக்கிற முதலாளியே சுப்பராயலுதான். டீம் வேற, தறி வேறன்னு மனசுக்குச் சமாதானம் சொல்லிகினேன்.

"முதலாளி, நியாயமா சொல்லுங்க. ஜெயவேலைக் குடுத்து நமக்கு இன்னா கிடைச்சுது?"

என்னையே பாத்தாரு. "தெரிஞ்சுதான் செஞ்சேன் மாணிக்கம்."

"இன்னா தெரிஞ்சு செஞ்சீங்க? அதை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

கீழ கிடந்த பந்தை எடுத்துப் பையில போட்டாரு.

"உள்ளுக்குள்ள ஏதோ வாங்கிகினாரு போல"ன்னு பின்னாலருந்து ஒருத்தன் சொன்னான். அதுக்கும் அவரு வாயைத் தொறக்கலை.

கை தூக்கச் சொன்னாங்க. முதல் கை என்னுது. அவரு பதவி போச்சு. பழனியையும் இனிமே வர வேணாம்னு சொல்லிட்டோம். பதினஞ்சு வருஷம் டீமை நடத்தின மனுஷன், டீம் சாமான் வெக்கிற ரூம் சாவியை என் கையில குடுத்து, "வலை ஈரமா இருக்குது, காய வெச்சு மடி"ன்னுட்டுப் போனாரு.

எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. பழனியையாவது பஸ் ஏத்தி விடலாம்னு கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த ஆளு வாயே தொறக்கலை. அவரு பேசாம நடந்து நான் பாத்ததே இல்லை.

சேத்துப்பட்டு பஸ் வந்து நின்னதும்தான் கேட்டாரு. "அடுத்த வாரத்திலருந்து உன் இடது பக்கம் யாரு நிப்பா?"

அவரு கையைப் புடிச்சு நிறுத்தினேன்.

"யாருண்ணா சொன்னது?"

"உங்க முதலாளிதான். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இனிமே நான்தான் வரப் போறதில்லையே. 'எங்க கோல்கீப்பருக்கு இடது கண்ணு தெரியலை, அந்தப் பக்கம் நின்னு பேசிகினே இரு. அவனை நிறுத்தினா ஊருக்குத் தெரிஞ்சிடும்'னாரு. அதுக்குத்தான் என்னைக் கேட்டு வாங்கினாரு."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணுல அடிபட்டப்புறம் நீ நெய்ஞ்சு குடுத்த முதல் புடவையிலயே தெரிஞ்சுபோச்சாம். இடது கரையில நெடுக இழை விட்டிருந்துச்சாம். அதை விக்கவும் இல்லை, உன்னைக் கேக்கவும் இல்லை. அவங்க வீட்டம்மா கமலம் அதைத்தான் கோயிலுக்குக் கட்டிகினு போறாங்க."

நின்ன எடத்துலயே அழுதுட்டேன். தெரியாத கண்ணுலருந்தும் தண்ணி வந்துச்சு.

"கூட்டத்துல அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா. பேரு கெட்டிருக்காதே."

பழனி பஸ் படியில கால் வெச்சாரு.

"எப்படிச் சொல்லுவாரு? சுத்தி அத்தினி பேரு நின்னுகினு இருந்தாங்களே."