கொய்யாப்பழ வண்டியில் ஒரு கதாநாயகன்

"யார்பா நீ, புச்சா கீற? வண்டிய அப்பால தள்ளு, வாசல மறைக்காத" என்று என்னைப் பெற்ற தாய் என்னையே பார்த்துக் கேட்டபோது, எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. "சரிக்கா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கொய்யாப்பழ வண்டியை நாலடி தள்ளி நிறுத்தினேன்.

என் அம்மா தாயம்மாவுக்கே தெரியவில்லை என்றால் எம்.கே.பி. நகரில் இனி எவனுக்குத் தெரியப்போகிறது? ஒட்டுத்தாடி, முண்டாசு, தொப்பைக்கு ஒரு தலையணை. தலையணை எதற்கு சார், ஏற்கெனவே இருக்கிறதே என்று மேக்கப்காரர் கேட்டதை நான் பெரிதுபடுத்தவில்லை.

நான் ஜெயவேல். நாலு வருஷத்துக்கு முன் மத்தியான சீரியல் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கதையில் என்னை லாரி ஏற்றிக் கொன்றுவிட்டு, போட்டோவுக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அப்புறம் எட்டு மாதம் அந்தப் போட்டோதான் நடித்தது. என்னைவிட நன்றாக நடித்ததாகப் பேச்சு.

அதற்குப் பிறகு வேலை இல்லை. அதனால்தான், பிரபலங்கள் ஊரை ஏமாற்றும் 'வேஷக்காரன்' போட்டிக்கு ஓடினேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் போய், நானும் கானா பாடகன் பீம்ராவும் மிஞ்சியிருந்தோம். வாரா வாரம் எங்கள் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்து இதைப் பார்க்கிறது.

கடைசிச் சுற்றின் சட்டம் சுலபம். மாறுவேஷத்தில் மூன்று மணி நேரம் தெருவில் நிற்க வேண்டும். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ, நானே உளறினாலோ அவுட். தாக்குப்பிடித்தால் புது சீரியலில் கதாநாயகன். இரண்டு பேரும் கோட்டைவிட்டால் சேனல் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும்.

எந்தத் தெரு என்பதை எதிராளிதான் எழுதித் தர வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் கவிழ்ப்பதில்லை, தெரியாத ஊராகப் பார்த்து எழுதுவோம் என்று பீம்ராவும் நானும் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தோம். அவன் என் தெருவை எழுதிவிட்டான். துரோகி என்று திட்டலாம் என்றால், நானும் அவன் பிறந்து வளர்ந்த கொருக்குப்பேட்டையைத்தான் எழுதியிருந்தேன்.

அரை மணி நேரத்தில், காதில் ஒளித்து வைத்திருந்த கருவியில் உதவி இயக்குநர் கிசுகிசுத்தார். பீம்ராவ் அவுட்டாம். கால் வைத்த பத்தாவது நிமிடமே ஊர்க்காரர்கள் கண்டுபிடித்து, தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடியதில், ரயில்வே கேட் வரைக்கும் வண்டிகள் நின்றுவிட்டனவாம்.

நியாயப்படி நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் வயிறு எரிந்தது. அவனுக்கு ரயில்வே கேட் வரைக்கும் கூட்டம், எனக்குக் கால் கிலோ கொய்யா கேட்கக்கூட ஆளில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் பழத்தைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

டீக்கடை டில்லிபாபு கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். வாயில் வைத்தால் துளி சர்க்கரை இல்லை. பழ வண்டிக்காரன் என்றால் சர்க்கரை போடக்கூட மனசு வராதா என்று பொருமிவிட்டு, டாக்டரும் இதைத்தானே சொல்கிறார் என்று குடித்து முடித்தேன்.

இரண்டரை மணி நேரம் ஆனது. பக்கத்து வீட்டு மதி வந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சீரியலில் பேசிய பழைய குரலில் "இந்தப் பழம் ஏமாத்தாதும்மா" என்றேன். முண்டாசைத் தூக்கி நெற்றியைக் காட்டினேன். போஸ்டரில் நிற்பது போலப் பக்கவாட்டில் திரும்பிக்கூட நின்றேன். மதி அவசரமாக மாடியைப் பார்த்துக்கொண்டே பையை நீட்டினாள்.

முடிய நாலு நிமிடம் இருக்கும்போது அம்மா மறுபடியும் வந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனசு ஆறும் போலிருந்தது.

"ஏங்க்கா, உங்க புள்ள டிவில நடிக்கறாராமே?"

அம்மா ஒரு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "எனக்கேதுப்பா புள்ள? பெத்தது ரெண்டும் பொண்ணுங்க" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்றவளே மறந்துபோன மூஞ்சிக்குக் கதாநாயகன் வேஷம் ஒரு கேடா? தாடியைப் பிய்த்து வண்டி மேல் எறிந்தேன்.

"யம்மா, நான்தாம்மா ஜெயவேலு. உம் புள்ளம்மா" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"அவுட் சார்" என்றார் உதவி இயக்குநர் காதுக்குள்.

ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். மாடி வராந்தாக்களில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மதி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

அம்மா பழத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு, முந்தானையால் என் முகத்தில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தாள்.

"தெருவே மூணு மணி நேரமா வாய மூடிகினு இருந்துச்சு, உன்னால நாலு நிமிசம் முடியலியாடா?"