பற்றைக்குள் பூதங்கள்

முதல் அம்பு வண்டிக்காரனின் கழுத்தில் பாய்ந்தது. இடப்பக்கப் பற்றைக்குள் பதுங்கியிருந்தவர்கள் ஒரு சத்தமும் போடவில்லை. அவன் விழுந்த பிறகுதான் பின்னால் நடந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கியது.

"பூதங்கள்," என்றான் சாந்தரூபன். "நீங்கள் ஒருத்தரும் கவனிக்கேல்ல. இனிப் பகடையைப் போடுங்கோ. குறைய விழுந்தா முதல் சுற்றில அசையேலாது."

உப்புக்குளத்தில் அவனுடைய வீட்டு மேசையில் கையால் வரைந்த பாதை ஒன்றும் பல முகப் பகடைகளும் கிடந்தன. கொழும்பில் படித்த காலத்தில் பழகிய விளையாட்டு. அவன் கதை சொல்வான், மற்றவர்கள் அதற்குள் ஆட்களாக நடப்பார்கள். தங்கை ஜெயந்தினி மந்திரவாதி. அன்ரோனெற்றுக்கு ஒரு வாள் கொடுத்திருந்தார்கள்.

அன்ரோனெற் அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். மறுநாள் தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் அவர்களுடைய கல்யாண அறிவித்தலை முதல் தடவை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சுவாமி சொல்வார். அந்த ஒரு வசனத்தை நினைத்தே அவளுக்குச் சில நாட்களாக நித்திரை இல்லை.

பெண் கேட்டு வந்த அன்றே அவனுடைய தாய் சொல்லிவிட்டார். இயக்கத்தில் இருந்த பிள்ளை என்றால் வேண்டாம், சி.ஐ.டி. வீட்டு வாசலிலேயே நிற்பான் என்று. யுத்தம் முடியும்வரை குடும்பத்தோடு கடலுக்கு அப்பால் மண்டபம் அகதி முகாமில் இருந்ததாக அன்ரோனெற் சொன்னாள். குடும்பம் இருந்தது உண்மைதான். அவர்கள் படகேறுவதற்கு முன்பே வெள்ளாங்குளத்தில் வைத்து இயக்கம் அவளைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது.

தான் இல்லாத முகாமை அவள் அக்காவிடம் கேட்டுப் பாடமாக்கினாள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், யார் வரிசையில் சண்டை பிடிப்பார்கள் எல்லாம் தெரியும். சிலவேளை கனவில்கூட அந்தக் குழாயடியில்தான் நின்றாள். யாரும் கேட்காதவரை மற்றது நடக்கவில்லை என்றே அவளால் இருக்க முடிந்தது.

ஜெயந்தினி பகடையை உருட்டினாள். நாலு விழுந்தது.

"போச்சு, நான் கல்லு மாதிரி நிக்கிறன்," என்றாள். "கம்பசில பாடத்தை விட்டுட்டு இதைத்தான் அண்ணா படிச்சவர்."

அன்ரோனெற் பகடைக்குக் கை நீட்டினாள். சாந்தரூபன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நீங்கள் போடத் தேவையில்லை. என்ன செய்வீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

பயந்து ஓடுவேன் என்றாள் அவள். எந்தப் பக்கம் என்று கேட்டான். தெரியாது என்றாள். தெரியாது என்பது எந்த இடத்திலும் நல்ல பதில் என்று அவள் பழகியிருந்தாள். தேநீர் கொண்டுவந்த அவனுடைய தாய், கோப்பைகளை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

அவன் கதையைத் தொடர்ந்தான். வண்டிக்குப் பின்னால் ஒரு சிறுமி தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அம்புகள் அவள் பக்கம் திரும்பின. வலப்பக்கத்தில் ஆழமான வாய்க்கால் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. சிறுமி குடத்தைப் போட்டுவிட்டு அதை நோக்கி ஓடினாள்.

அன்ரோனெற்றுக்கு மேசை மறைந்தது. இயக்கத்தில் இருந்தபோது, சண்டைக்கு நடுவில் அப்படி ஓடிய ஒருத்தியை அவள் கூப்பிட்டுத் தடுக்கவில்லை. கூப்பிட நேரம் இருந்தது. வாய்தான் வரவில்லை.

"வாய்க்காலுக்குள்ள விட வேண்டாம்," என்றாள். "எல்லாரும் பாயட்டும் எண்டுதான் அதை வெறுமையா விட்டிருக்கினம். பொறி அதுக்குள்ளதான் இருக்கும். பிள்ளையை நிலத்தில அமத்திப்போட்டு, அம்பு வாற பக்கத்துக்கே ஓடோணும். கிட்டப் போனா அவை குழம்பிப் போவினம்."

சொல்லி முடித்தபோது அவளுடைய உள்ளங்கை மேசையை அழுத்திக்கொண்டிருந்தது. அதை மெல்ல எடுத்து மடியில் வைத்தாள்.

சிறுமி தப்பிவிட்டாள் என்றான் சாந்தரூபன். ஜெயந்தினி கைதட்டி, அண்ணி இல்லாவிட்டால் எல்லோரும் செத்திருப்போம் என்றாள். அண்ணி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வெறும் விளையாட்டு என்று அன்ரோனெற் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஒரு பிள்ளையையாவது நிறுத்திவிட்ட நினைப்பில் நெஞ்சு லேசானது. இந்த வீட்டில் வாழ்ந்துவிடலாம் என்று தோன்றியது. அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

அவனும் சிரித்தான். பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினான். பிறகு தாயின் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நாளைக்கு அறிவித்தல் வாசிக்க வேண்டாமெண்டு சுவாமியிட்டச் சொல்லுங்கோ."