பஸ்ஸில் போகிற மலை

அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலை போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில், சுலக்ஷனா தான் வரைந்த மலையை மடியில் நிறுத்திப் பிடித்திருக்கிறாள். நாளைக்கு நுவரெலியாவில் அவளுடைய முதல் கண்காட்சி. வர்ணம் இன்னும் காயவில்லை. வெளியே நல்ல மழை, பக்கத்து ஜன்னலோ மூட மறுக்கிறது. மலை அடியில் மஞ்சள், இடுப்பில் ரோஸ், உச்சியில் கத்தரிப்பூ நிறம். "மலைக்கு டிக்கட் எடுத்தாச்சா?" என்கிறார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கிறது. அவள் பக்கத்தில் ஜன்னலோரம் இருக்கிற, அதே தோட்டத்துச் செவனம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் புள்ள, தேயில எங்க? பச்சயே காணோமே. புடவக்கடைய கவுத்து விட்டாப்புல இருக்கு." கடையில் வளர்ந்தவன் நான், பிடிக்காத சரக்கை யாரும் இவ்வளவு நேரம் குறை சொல்வதில்லை. முதல் துளி ரோஸில் விழுந்து கோடாக இறங்குகிறது. செவனம்மா, கொழுந்தெடுக்கும்போது மழைக்குப் போர்த்துகிற நீலப் பொலித்தீனைத் தன் தோளிலிருந்து உருவி, வர்ணத்தில் படாமல் சட்டத்தின் மேல் கூடாரம்போல் விரிக்கிறார். பிறகு ஜன்னலைத் தன் முதுகால் அடைத்துக்கொள்கிறார். ரவிக்கை நனைகிறது, வாய் ஓயவில்லை. "இதுல நம்ம லயத்து வீடுங்க எங்க?" "இந்தா, இந்தச் செவப்புக் கோடுதான் அக்கா." "அதுல நான் குடியிருக்கிற காம்பரா?" சுலக்ஷனா பொலித்தீனின் ஓரத்தைத் தூக்கி, தொடாமல், கோட்டில் ஓரிடத்தைக் காட்டுகிறாள். செவனம்மா குனிந்து, கண்ணை இடுக்கி, வெகுநேரம் பார்க்கிறார். "அய்யய்யோ, கதவ தெறந்து போட்டுட்டுல்ல வந்துட்டேன்!"