காலி டியூப்

"காலி டியூபைக் குடுத்துட்டு எப்படி சார் இவ்வளவு நிதானமாப் பேசறீங்க?"

போனில் கத்திக்கொண்டிருந்தாள் ரூ-யின். தைவானின் தைனான் ஊரில் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தனியாகச் செய்யும் முதல் சோதனை இன்றைக்குத்தான். காலையில் ஊரைக் காக்கும் மண்சாமி கோயிலில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள்.

அந்த டியூபில் இருக்க வேண்டியது சுண்டெலியின் நுரையீரல் புரதம். மூச்சோடு உள்ளே நுழையும் கிருமியைப் பிடித்து நிறுத்துகிற காவல்காரன். எலியைத் தொடாமலே, செல்களில் வளர்த்து எடுத்து, உலர்த்தி, சுண்டுவிரல் நுனி அளவு டியூபில் அடைத்துத் தருவார்கள். வந்து சேர ஆறு வாரம் ஆனது. ஆய்வுக்கூடத்தை நடத்தும் வெய் டீச்சர் நேற்றே சொல்லிவிட்டார்.

"இதை வீணாக்கினா, வேலையை வேற ஆள்கிட்டக் குடுத்துடுவேன்."

மறுமுனையில் இருந்தவர் லியாவ். ஆய்வுக்கூடங்களுக்குச் சாமான் கொண்டுவந்து தரும் விற்பனைக்காரர். ஐம்பது வயது இருக்கும்.

"நல்லாப் பாத்தீங்களாம்மா?"

"வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். மூடியைத் திறந்து உள்ளங்கையில கவுத்துத் தட்டினேன். ஊதிக்கூடப் பாத்தேன். ஒரு தூசிகூட இல்ல."

"ஊதியும் பாத்தீங்களா?"

"ஆமா சார். நான் என்ன பொய்யா சொல்றேன்?"

லியாவ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சருக்குத் தெரியுமா?"

"வகுப்புல இருக்காங்க. வரட்டும், சொல்றேன்."

"அரை மணி நேரம் பொறுங்கம்மா. நானே வரேன்."

மழையில் நனைந்துகொண்டு ஸ்கூட்டரில் வந்தார் லியாவ். ஐஸ் பெட்டியில், வேறொரு ஆய்வுக்கூடத்துக்காக வந்திருந்த இன்னொரு டியூப். கையில் இரண்டு கப் பால் டீ. அதற்குள் வெய் டீச்சரும் வந்துவிட்டார். ரூ-யின் வாயைத் திறப்பதற்குள் லியாவ் குனிந்து வணங்கினார்.

"என் தப்புதான் டீச்சர். கண்காட்சியில வைக்கிற வெறும் டியூபை மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். அது காலி."

"பதினஞ்சு வருஷமா வர்றீங்க. சாம்பிள் எது, சரக்கு எதுன்னு தெரியலையா?"

"கண்ணாடியை மாத்தணும் டீச்சர்."

"சீக்கிரம் மாத்துங்க. இல்லேன்னா நான் ஆளை மாத்திடுவேன்." டீச்சர் ஒரு டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ரூ-யின் விடுவதாக இல்லை.

"நான் புகார் எழுதணும் சார்."

"தாராளமா எழுதுங்கம்மா."

ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். 'பொறுப்பில்லாத ஆள்' என்று முடித்தாள். லியாவ் படித்துப் பார்த்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. இதைத் திறக்கறதுக்கு முன்னால சுழல் மெஷின்ல ஒரு நிமிஷம் சுத்தவிடுங்க. அப்புறம் தண்ணியை ஓரமா, மெதுவா விடுங்க. கவுக்க மட்டும் வேண்டாம்."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார்."

அவர் போனதும் சொன்னபடியே சுற்றவிட்டாள். எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் போனை எடுத்தாள்.

"சார், இதுவும் காலியா இருக்கு."

ஸ்கூட்டரை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது.

"காலி இல்லம்மா. உள்ள இருக்கறது ஒரு துளி உப்புத்தூளைவிடக் கம்மி. காஞ்சு டியூபோட லேசா ஒட்டிக்கிட்டிருக்கும். யார் கண்ணுக்கும் தெரியாது. தண்ணி விடுங்க, கரைஞ்சு வந்துடும்."

ரூ-யின் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அதைச் சோப்பு போட்டுக் கழுவி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

"அப்போ... அந்த முதல் டியூப், சார்?"

"அதுவா? அது காலிதாம்மா," என்றார் லியாவ். "நான்தான் டீச்சர்கிட்டயே ஒத்துக்கிட்டேனே."