கிளட்ச் இல்லாத கார்

தேவசிகாமணியின் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இந்தத் தொண்ணூற்று நாலில் திருநெல்வேலிக்கே ஆட்டோமேட்டிக் கியர் கார் ஒன்றுதான். சிங்கப்பூர் அண்ணாச்சியுடையது. அது படுத்தபோது என் ஒர்க்‌ஷாப்புக்கு வராமல் அவனிடம் போனது. பத்தே நாளில் ஓடவிட்டுவிட்டான்.

"கியர்பெட்டிய அக்கக்காக் கழத்தி வாசல்ல பரப்பி வச்சிருந்தாராம். ஊரே நின்னு பாத்துதாம்" என்றாள் என் மனைவி ரீபா. அவனுக்கு மரியாதை வேறு. "நீங்க கிளட்ச் பிளேட்டே மாத்திக்கிட்டு இருங்க."

மதுரைக்குப் போய்ப் பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கிவந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். எண்ணெயின் அழுத்தம்தான் கியரை மாற்றுகிறது என்று பிடிபடவே இரண்டு மாதம் ஆயிற்று. எந்த வால்வைத் திருத்தினால் கியர் சீக்கிரம் விழும் என்பதுவரை ஆறு மாதத்தில் எனக்கு அத்துப்படி.

நேற்று அண்ணாச்சியின் கார் என் வாசலில் வந்து நின்றது. ஒருவழியாக அவன் தோற்றான் என்று மனம் குளிர்ந்தது.

"கிளட்ச் பிளேட் போயிட்டு வே. அதுல நீருதான் கெட்டிக்காரர்னு தேவசிகாமணிதான் அனுப்புனான்."

"இந்தக் காருக்கு ஏது அண்ணாச்சி கிளட்ச்?"

"அந்தக் கியர்பெட்டி அவனுக்கு மட்டுப்படல, திரும்பப் பூட்டத் தெரியல. சாதாக் கியர மாட்டிட்டான். பழசு அன்னைக்கே இரும்புக் கடைக்குப் போயிட்டு."

குனிந்து பார்த்தேன். காலடியில், இரண்டே இருக்கவேண்டிய இடத்தில், மூன்று பெடல்கள் இருந்தன.

இப்போது திருநெல்வேலியில் ஆட்டோமேட்டிக் கியர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கியர் வைத்த கார்தான் இல்லை.