நான்காவது மேசை

"இத வச்சு மனுசன் வேலை பாப்பானா?" என்றான் அனஸ்.

கணினித் திரையில் நூற்றுப் பத்தொன்பது படக்குறிகள் கிடந்தன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

மேலப்பாளையம் பஜாரில் அவனுடைய வாப்பா முகம்மது மைதீன் நடத்தும் கல்யாணப் பத்திரிகைக் கடையில் இருந்த ஒரே கணினி அது. பதினோரு வருடமாக அதன் முன்னால் உட்கார்ந்து பத்திரிகை வடிவமைப்பவள் சபீதா. படக்குறிகளெல்லாம் அவள் போட்டவை.

அனஸ் சென்னையிலிருந்து வந்து பதினெட்டு நாளாகியிருந்தது. கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று வாப்பாவிடம் சொன்னான். வந்த மறுநாளே கடைக் கணினியில் கைவைத்தான். அதில் முன்பு லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்ததே அவன்தான். லினக்ஸில் அவனுக்குக் குறை எதுவுமில்லை. குறையெல்லாம் அதன் மெனுவை எழுதியவர்கள் மேலும், அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் மேலும்தான்.

படத்தைத் திருத்த வேண்டுமென்றால் மெனுவில் 'ஜிம்ப்' என்று மென்பொருளின் பெயரைத் தேட வேண்டுமாம். மளிகைக் கடையில் சீனி, புளி என்று எழுதாமல் சாக்குத் தைத்தவன் பெயரை எழுதி வைத்த கதை.

இணைய மன்றங்களில் அந்த மெனுக்காரர்களைப் பக்கம் பக்கமாகக் கிழித்திருக்கிறான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததால்தான் சொல்லவில்லை என்பது அவன் முடிவு.

ஆகவே அவனே ஒரு மென்பொருள் எழுதினான். அதில் மெனு வேலையின் பெயரைச் சொல்லும்: 'போட்டோ வெட்ட', 'பெயர் திருத்த', 'அச்சுக்கு அனுப்ப'. வேலைக்கு ஒரு மேசையாகத் திரையும் பிரிந்துவிடும். கல்யாண மேசைக்குப் போனால் கல்யாணக் கோப்புகள் மட்டும்தான் தெரியும். எந்தக் கோப்போடு எந்தக் கோப்பைத் திறக்கிறார்கள் என்று இரண்டு வாரம் கவனித்து, மேசைகளை அதுவே போட்டுக்கொள்ளும். யாரும் எதையும் சொல்லித்தர வேண்டாம்.

நிறுவும்போதே சபீதா தயங்கினாள். "இருக்குதபடியே இருக்கட்டுமே தம்பி. எனக்கு இது பழகிட்டு."

பழகிட்டாம். எருமைக்கும்தான் சேறு பழகியிருக்கிறது.

வாப்பா அதைவிட மோசம். மவுஸை ஏதோ பூரானைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார். லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் சபீதாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் திரையில் எதையோ பார்ப்பார். அனஸ் படியேறினால் எழுந்து காகிதக் கட்டுகளை அடுக்கப் போய்விடுவார். இந்தக் கடை ஏன் உருப்படவில்லை என்று யாராவது கேட்டால் அனஸ் இந்தக் காட்சியையே காட்டியிருப்பான்.

இன்றைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் நிற்க வைத்தான். பாடம் படிக்காத பிள்ளைகளை நிற்கவைக்கும் வாத்தியாரின் முகம் அவனுக்கு வந்திருந்தது.

பொத்தானை அமுக்கினான். நான்கு மேசைகள் வரிசையாக வந்தன.

முதலாவதில் கல்யாணங்கள். இரண்டாவதில் கத்னா விருந்து, புதுமனை அழைப்புகள். மூன்றாவதில் கடைக்காரர்களின் விசிட்டிங் கார்டுகள். நான்காவதை என்னவென்று அழைப்பது என்று மென்பொருளுக்கே தெரியவில்லை. ஆனால் அதில்தான் அதிக நேரம் செலவாகியிருந்தது.

"பாத்தியளா? பாதி நாளு எதுலயோ போயிருக்கு. என்ன வேலைன்னு அதுக்கு ஒரு பேருகூட இல்ல."

சபீதாவின் கை மவுஸை நோக்கி வந்தது. அவன் தட்டிவிட்டான்.

"லே அனஸ், அத மூடு" என்றார் வாப்பா.

இந்தக் கடையில் ஒளித்து வைக்க அப்படி என்ன இருந்துவிடப் போகிறது? சிரித்துக்கொண்டே திறந்தான்.

நாற்பத்து மூன்று கடிதங்கள். எல்லாம் ஆங்கிலத்தில்.

சென்னை, கொச்சி, பெங்களூரு, கோயம்புத்தூர், பக்கத்திலிருக்கும் கங்கைகொண்டான். ஒவ்வொன்றிலும் வேலை கேட்டிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அவன் பெயர்.

மேலே அவன் போட்டோ. மாமா மகன் கல்யாணத்தில் எடுத்தது. தோளில் கிடந்த மாமாவின் கையை யாரோ பல மணி நேரம் உட்கார்ந்து அழித்து, அந்த இடத்தில் சட்டைக் கட்டங்களைக் கோடு பிசகாமல் வரைந்து சேர்த்திருந்தார்கள். தொடர்புக்கு வாப்பாவின் கைபேசி எண்.

முதல் கடிதத்தின் தேதியைப் பார்த்தான். மார்ச் ஒன்பது.

மார்ச் ஆறாம் தேதிதான் கம்பெனி அவனை வெளியே அனுப்பியது. அதை அவன் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாப்பா திரையைப் பார்க்கவில்லை. நகத்தில் ஒட்டியிருந்த மையைச் சுரண்டிக்கொண்டே மெல்லச் சொன்னார். "ஒங்கூட வேல பாத்த பையன் அன்னைக்கே போன்ல சொல்லிட்டான். கங்கைகொண்டான்ல ஒரு எடத்துல வியாழக்கிழம வரச் சொல்லிருக்காவ. ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் நாங்க ரெண்டு பேரும்..."

முடிக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது.

அனஸ் கங்கைகொண்டான் கடிதத்தை வாசித்தான். சபீதாவின் ஆங்கிலம். இரண்டு எழுத்துப் பிழைகள். படித்த படிப்பு, பார்த்த வேலை, தெரிந்த மென்பொருள்கள். அதற்கும் கீழே தனியாக ஒரு வரி.

'ஒன்றும் தெரியாதவர்களுக்கும் மிகுந்த பொறுமையோடு சொல்லித் தருவார்.'

"மத்ததெல்லாம் நான் எழுதினது தம்பி" என்றாள் சபீதா. "அது மட்டும் ஒங்க வாப்பா சொல்லச் சொல்லப் போட்டது."